முள் அசையாத வெள்ளிக்கிழமை

செல்ஃப் அடித்தது. எஞ்சின் சுற்றியது. தீ மட்டும் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் என் அக்கா செர்வா, பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமல்.

டாக்ஸிக்காரர் இத்ரிசு மறுபடியும் சாவியைத் திருப்பினார். முந்தின நாள் ஏற்றிய எஞ்சின் தாராளமாகச் சுற்றியது. ஆனால் ஒரு தும்மல்கூடப் போடாமல் நின்றது.

"போதும் இத்ரிசுண்ணே. பேட்டரி செத்துடும்."

இத்ரிசு இறங்கி வந்து, தன் டாக்ஸியின் மஞ்சள் மட்கார்டைத் தடவிக்கொடுத்தார். பின் கண்ணாடியில் அவர் எழுதி வைத்திருந்த வாசகம், 'மெதுவா வருவேன், ஆனா வந்துடுவேன்'. பக்கத்துக் கொட்டகை எலக்ட்ரீஷியன் பெப்ரா அதைச் சத்தமாக வாசித்தான்.

"மெதுவா வருவேன். சரி. வந்துடுவேனா? அந்தப் பாதியை அழிச்சிடலாம் போலிருக்கே."

"பெப்ராண்ணே, நீங்க வயரிங் பண்ணின வண்டில ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது. முதல்ல அதைப் போய்ப் பாருங்க" என்றாள் செர்வா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய வாய் எப்போதும் போலப் பேசியது. ஆனால் ஸ்பேனர் பிடித்திருந்த கை, பிடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அன்று அவளுக்கு விடுதலை நாள். சுவாமே மாகசீன் என்கிற எங்கள் மெக்கானிக் பேட்டையில் வேலை கற்கிறவர்கள் தாங்களாக ஃபிட்டர் ஆகிவிட முடியாது. சங்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார வேண்டும். அவர்கள் முன்னால் மாஸ்டர், 'இனி இவள் என் ஆள் இல்லை, தன் ஆள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தனிக் கொட்டகை போடலாம், யாரிடமும் கேட்காமல் ஒரு வண்டியின் பானெட்டைத் திறக்கலாம். மாஸ்டர் அம்போன்சா அதற்காகச் செர்வாவுக்கு ஒரே ஒரு சோதனை வைத்திருந்தார். இத்ரிசுவின் டாக்ஸியில் செத்துப்போன எஞ்சினை இறக்கி, குளிர் நாட்டிலிருந்து கப்பலில் வந்த அதே வகை எஞ்சின் ஒன்றை ஏற்றி, பெரியவர்கள் கண்முன்னால் ஓடவைக்க வேண்டும். செயின் பிளாக்கின் சங்கிலியை இழுக்க மட்டும் மற்ற பையன்கள் உதவலாம். மற்றபடி தொழில் தெரிந்த வேறு கை படக் கூடாது.

"ஓடினா விடுதலை. ஓடலைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை, வராவிட்டால் தொப்பி என்பதுபோலச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. போன வருடம் மாஸ்டரின் அண்ணன் இறந்து, துக்கச் சடங்குகள் மாதக்கணக்கில் நீண்டு, 'இப்ப வேண்டாம்' என்றாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன்கூட வேறொரு மாஸ்டரிடம் விடுதலை வாங்கி, எங்கள் எதிரிலேயே பெயர்ப்பலகை மாட்டிவிட்டான். இந்த வருடமும் போனால் அவள் அங்கே இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் தங்கை தலைநகரில் தையல் கடை வைத்திருக்கிறாள். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி கிரீஸ்?' என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து கேட்பாள். இந்தத் தடவை கேட்டால் அம்மா அவளை அனுப்பிவிடுவாள்.

செர்வாவை யாரும் மாகசீனில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பள்ளியை விட்டதும் அவள் அவித்த முட்டை விற்றாள். தலையில் கண்ணாடிப் பெட்டி, அதில் முட்டையும் மிளகாய் அரைத்ததும். மாகசீனில் பசித்த வயிறுகள் அதிகம் என்பதால் அங்கே போனாள். போனவள் ஒரு வண்டியின் கியர்பாக்ஸை இறக்குவதைப் பார்த்து நின்றாள். மறுநாளும் நின்றாள். முட்டை மிஞ்சிக்கொண்டே வந்தது. வீட்டில் நாங்கள் இரவும் முட்டை, காலையும் முட்டை. ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்த மாஸ்டர் அம்போன்சா, 'ஏம்மா, ஒண்ணு முட்டையை வில்லு, இல்லை இந்த போல்ட்டைப் பிடி' என்று கத்தினாராம். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு போல்ட்டைப் பிடித்தாள். அந்தப் பெட்டி இப்போது கொட்டகையில் நட்டும் வாஷரும் போட்டு வைக்கப் பயன்படுகிறது.

பிறகு அம்மாவும் அங்கேயே வந்துவிட்டாள். கொட்டகை இருக்கும் சந்தின் முனையில், வாச்சே விற்கிறாள். காராமணி போட்டு வேகவைத்த சோறு, இலையில் வைத்து மேலே காரக்குழம்பு. ஃபிட்டர்கள் பாதிப் பேர் அவள் வாடிக்கையாளர்கள். 'பெரியவ இந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஆயிடுவா' என்று அவள் கரண்டிக்குக் கரண்டி சொல்லிக்கொண்டிருந்தாள். சர்ச்சிலும் சொல்லிவிட்டாள். விடுதலைக்குப் போட வெள்ளை கவுன் தைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் கடையின் கம்பத்தில் மாட்டியும் விட்டாள். பரீட்சை முடிவு வராததால் நான் அந்த நாட்களில் அம்மாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த கவுன் காற்றில் ஆடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வியாழக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இரும்புக் குழாய்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டிய முக்காலியில் எஞ்சின் தொங்கியது. செர்வா ஒரு கையால் அதை அணைத்து, மறு கையால் சைகை காட்ட, பையன்கள் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். எஞ்சின் இறங்கி, அதைத் தாங்குகிற மவுண்ட்டுகளின் மேல் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. போல்ட் ஓட்டைக்கு ஓட்டை நேராக இருந்தது. மாஸ்டர்களே நெம்புகோல் போட்டுக் கெஞ்சுகிற இடம் அது. பையன்கள் கூவினார்கள்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. கடையை என்னிடம் விட்டுவிட்டு ஓடினாள். விடுதலை நாளுக்கென்று வாங்கி வைத்திருந்த முகப்பவுடர் டப்பாக்களில் ஒன்றை மடியிலிருந்து எடுத்து, திறந்து, செர்வாவின் தலையில் கொட்டினாள். ஜெயித்தவர்கள் தலையில் பவுடர் கொட்டுவது எங்கள் வழக்கம். தேர்வில் ஜெயித்தாலும், கோர்ட்டில் ஜெயித்தாலும், பிள்ளை பெற்றாலும் கொட்டுவோம். செர்வா வெள்ளையாகி நின்றாள். திறந்திருந்த பானெட்டுக்குள் எஞ்சினும் வெள்ளையாகிவிட்டது. அம்மா டப்பாவின் அடியைத் தட்டித் தட்டி, மிச்சத்தையும் உதறினாள்.

மாஸ்டர் அம்போன்சா முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை பிறந்து எட்டு நாள் ஆகாம யாராவது பேர் வைப்பாங்களாம்மா? அது தங்குமா போயிடுமான்னு தெரியாது. அதுக்குள்ள பவுடரா?"

"என் பிள்ளை தங்கும் மாஸ்டர்" என்றாள் அம்மா.

செர்வா கம்ப்ரெஸ்ஸர் குழாயை எடுத்து, காற்றடித்து, எஞ்சின் மேலிருந்த பவுடரையெல்லாம் ஊதித் தள்ளினாள். பிறகு குழாய்களையும் வயர்களையும் ஒவ்வொன்றாக மாட்டினாள். மாட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. இரவு மழை பெய்தது. டாக்ஸிக்குமேல் கட்டியிருந்த தார்ப்பாய் ஒரு ஓரத்தில் ஒழுகியிருந்தது. காலையில் வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் அடிக்கிறது, தீ பிடிக்கவில்லை.

முதலில் அவள் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, இத்ரிசுவைச் சாவி திருப்பச் சொன்னாள். பொறி வரவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று குழாயின் நுனியைத் தளர்த்திப் பார்த்தாள். வரவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஒரு ஃபியூஸ் கருகிப் போயிருந்தது.

"இதோ!" என்று இத்ரிசு கத்தினார். "நான் சொன்னேன்ல, சின்ன விஷயம்தான்னு!"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் எல்லோரும் எழுந்து வந்தார்கள். செர்வா புது ஃபியூஸைப் போட்டாள். சாவியை ஒரு சுற்றுத் திருப்பியதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ரீங்காரம் போட்டது. அம்மா சோற்றுக் கரண்டியோடு நிமிர்ந்தாள். நான் அந்த கவுனைப் பார்த்தேன்.

பம்ப் கொஞ்ச நேரம் பாடிவிட்டு நின்றது. செல்ஃப் அடித்தது. எஞ்சின் சுற்றியது. அவ்வளவுதான். பொறியும் இல்லை.

கூட்டம் கலைந்தது. அது கலைந்த விதம்தான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொருவராக, அவரவர் வேலை ஞாபகம் வந்ததுபோல் நகர்ந்தார்கள். பெப்ரா மட்டும் நின்றான்.

"இது எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டர் பொட்டியோட கோளாறும்மா. வேற ஊர் எஞ்சின், நம்ம ஊர் பொட்டி. பேச்சு ஒத்துவரல. பனியில கெடந்த எஞ்சின், இங்க வெயிலைப் பார்த்ததும் 'விசா இல்லாம வந்துட்டோமோ'ன்னு பயந்து வாயைத் திறக்க மாட்டேங்குது. என்கிட்ட ஒரு பொட்டி இருக்கு. மாட்டித் தரவா?"

"நீங்க மாட்டினா உங்க கை பட்டதாயிடும்."

"கைதானே. கழுவிட்டு மாட்டறேன்."

"வேண்டாம்ணே."

மாஸ்டர் பழைய வண்டியொன்றின் சீட்டை நிழலில் போட்டு உட்கார்ந்து, சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் தின்றுகொண்டிருந்தார். செர்வா அவர் பக்கம் ஒரு தடவைதான் திரும்பினாள். அவர் கடலையின் தோலை ஊதினார்.

வெயில் ஏறியது. இத்ரிசு கை கால் கழுவிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்.

"செர்வா, நான் ஜும்மா முடிச்சிட்டு வர்றேன். உனக்காகவும் கேட்டுக்கறேன். ஆனா வர்றப்ப இது பாடிட்டு இருக்கணும். நாளைக்குச் சனிக்கிழமை, ஊரெல்லாம் துக்கச் சடங்கு. மூணு வீட்டுக்குச் சவாரி பேசியிருக்கேன்."

"பாடும்ணே" என்றாள்.

அவர் போனதும் டயர்மேல் உட்கார்ந்தாள். நான் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். இலையைப் பிரிக்கவில்லை.

"தொழுகை முடிஞ்சதும் பெரியவங்க வந்துடுவாங்க" என்றாள், என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல். "நாளைக்குத் தள்ளச் சொல்ல முடியாது. சனிக்கிழமை அவங்களும் துக்க வீட்டுல இருப்பாங்க. அப்புறம் மாஸ்டர் ஊருக்குப் போறார். அப்புறம் அடுத்த வருஷம்."

"சாப்பிடுக்கா."

"எர்த் பாக்கல" என்று எழுந்துவிட்டாள்.

எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கிற எர்த் பட்டையைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினாள். பேட்டரி முனைகளைத் தேய்த்தாள். டைமிங் பெல்ட்டின் மூடியைத் திறந்து, குறிகள் நேராக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். நேராக இருந்தன. சரியாக இருக்கிற ஒவ்வொன்றும் அவள் முகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால் தேவலை என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

தெற்கே மேகம் கருத்து வந்தது. கொட்டகையில் அந்த வண்டிக்கு இடமில்லை, வானம்தான் கூரை. மழை இறங்கினால் செம்மண் குழம்பாகிவிடும். பெரியவர்கள் வண்டியைவிட்டு இறங்காமலேயே திரும்பிப் போவார்கள்.

மறுபடியும் சாவியைத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது. இத்ரிசு இல்லை. பையன்கள் உதவக் கூடாது. பெப்ராவிடம் அவள் கேட்க மாட்டாள். நான் சோற்றுப் பானைக்கு முன் நின்ற வரிசைக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா!" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து உட்காரு."

"எங்க? ஸ்டியரிங் முன்னாடியா? ஐயோ, எனக்குத் தெரியாதுடி. வண்டி ஓடிட்டா?"

"ஓடினா நல்லதுதானே! வா."

அம்மா முந்தியைத் தட்டிவிட்டு, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்பக்கத்தை முதலில் உள்ளே விட்டு உட்கார்ந்தாள். எங்கள் அம்மா வாழ்க்கையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாவியைத் தொடுமுன் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். ஜெபம் நீண்டது.

"அம்மா, ஆமென் சொல்லு. நேரமாகுது."

"ஆமென்" என்று திருப்பினாள். செல்ஃப் அடித்தது. அம்மாவும் கூடவே, "எழுந்திரு, எழுந்திரு, எழுந்திரு" என்று அதட்டினாள்.

"உன் முன்னாடி இருக்கற முள்ளெல்லாம் என்ன பண்ணுது?" என்று செர்வா பானெட்டின் பின்னாலிருந்து கேட்டாள். பேட்டரி தளர்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த முள்ளு?"

"கடிகாரம் மாதிரி இருக்கும்மா."

"ஒண்ணு ஆடுது. சின்னது. ஒண்ணு பெருசா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எட்டு வரைக்கும் எழுதியிருக்கு. அது படுத்துத் தூங்குது."

செர்வா நிமிர்ந்தாள். பானெட்டில் தலை இடித்துக்கொண்டாள். அதைத் தடவக்கூட இல்லை.

"எட்டு வரைக்கும் இருக்கறதா? சுத்தும்போது கொஞ்சம்கூட அசையலையா? நடுங்கக்கூட இல்லையா?"

"செத்த பல்லி மாதிரி கெடக்குடி."

அந்த முள் எஞ்சின் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டுகிற முள். செல்ஃப் அடிக்கும்போது லேசாகவாவது துள்ள வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் சுற்றுவது வண்டிக்குத் தெரியவில்லை. அதனால்தான் பம்பும் நின்றுவிடுகிறது, பொறியும் வரவில்லை. சுற்றுவதைப் பார்த்துச் சொல்கிற கண் ஒன்று எஞ்சினின் அடிப்பக்கம் இருக்கிறது. கிராங்க் சென்சார் என்பார்கள். விரல் அளவுதான். இதையெல்லாம் அவள் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அப்போது பழைய எஞ்சின் கிடந்த மூலைக்கு ஓடி, அதன் சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

சங்கத்துக்காரர்களின் வண்டி சந்துக்குள் திரும்பியது அப்போதுதான்.

மூன்று பேர் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இருவர். நடுவில், துணியைத் தோளில் சுற்றிய சங்கத் தலைவர். மாஸ்டர் எழுந்து போய்க் கைகொடுத்தார், வலப்பக்கம் நின்றவரில் ஆரம்பித்து. பையன்கள் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. தலைவர் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"மழை நமக்கு முன்னாடி வந்துடும் போலிருக்கே அம்போன்சா. எங்க உன் பொண்ணு?"

மாஸ்டர் வண்டியின் அடியைக் காட்டினார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"விடுதலை நாள்ல வெள்ளை கவுன்ல நிப்பாங்க. இவ செருப்பை மட்டும் காட்டறா" என்றார் தலைவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். அம்மா இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தாள். இறங்கவும் பயம், இருக்கவும் பயம்.

அடியில் செர்வா சென்சாரின் வயரைக் கையால் தடவித் தேடினாள். வயரின் நுனியில் பிளாஸ்டிக் சாக்கெட். அதை இழுத்ததும், பிடிப்பே இல்லாமல் கழன்று வந்தது. வரக் கூடாது, அதன் கொக்கியை அமுக்கினால்தான் வர வேண்டும். முந்தின நாள் இருட்டில் கைத்தடவலாக மாட்டும்போது அது 'டக்' என்று விழுந்ததா என்று யோசித்தாள். சுற்றிலும் ஆயிரம் சுத்தியல் தகரத்தை அடிக்கிற இடத்தில் எந்த டக் கேட்கும்?

விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கறுத்த விரலின் நுனியில் வெள்ளையாக ஏதோ பிசின்போல் ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். பெட்ரோல், கிரீஸ், அவற்றுக்கு நடுவே மல்லிகை வாசனை.

காற்றடித்தபோது பவுடர் போகவில்லை. வாய் திறந்து தொங்கிய சாக்கெட்டுக்குள் போய் அடைந்திருந்தது. இரவு ஒழுகிய மழையும் எண்ணெயும் சேர்ந்து அதை மாவாகக் குழைத்துவிட்டன. உள்ளே கம்பி முனையும் அது நுழைகிற குழியும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

"அம்மா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ரொம்ப மெதுவாக. "உன் துணியில ஊக்கு இருக்கா?"

"இருக்கு. எதுக்குடி?"

"குடு. ஒண்ணும் கேக்காதே."

அம்மா இடுப்பிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குனிந்து நீட்டினாள். செர்வா அந்த ஊக்கின் முனையால் சாக்கெட்டின் குழிகளைச் சுரண்டினாள். பெட்ரோலில் நனைத்த துணித் திரியால் துடைத்தாள். மறுபடியும் சுரண்டினாள். மேலே முதல் மழைத்துளி பானெட்டில் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டதாம். பழைய சென்சாரை ஜேபியில் போட்டுக்கொண்டு, எஞ்சினில் இருந்ததிலேயே சாக்கெட்டை மாட்டி அழுத்தினாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் டக்கென்று விழுந்தது விரலுக்குத் தெரிந்தது.

வெளியே வந்து, பெரியவர்களுக்கு முழங்கால் மடித்து வணக்கம் சொன்னாள். முதுகெல்லாம் மண்.

"திருப்பும்மா" என்றாள்.

அம்மா இந்தத் தடவை ஜெபம் செய்யவில்லை. திருப்பினாள்.

"முள்ளு எழுந்துடுச்சு! செர்வா, முள்ளு—"

எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிடித்தது. உடம்பெல்லாம் குலுங்கியது. பையன்கள் கூவ வாயைத் திறப்பதற்குள், அணைந்துவிட்டது.

என் கையிலிருந்த இலை கிழிந்துவிட்டது.

"மறுபடி" என்றாள் செர்வா. "இப்பதான் பெட்ரோல் மேல வருது. மறுபடி."

அம்மா திருப்பினாள். பிடித்தது. செர்வா பானெட்டுக்குள் கையை விட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியை லேசாக இழுத்துக் கொடுத்தாள். எஞ்சின் தடுமாறியது, தடுமாறி நின்றுவிடும்போலப் போனது, பிறகு தன் தாளத்தைக் கண்டுபிடித்து ஓடத் தொடங்கியது. எஞ்சின் இடுக்குகளில் தங்கியிருந்த எண்ணெயும் பவுடரும் சூடேறிப் புகைந்தன. மல்லிகைப் பூவைச் சட்டியில் வறுத்ததுபோல் ஒரு நாற்றம்.

பையன்கள் இப்போது கூவினார்கள். தலைவர் கையைத் தூக்கினார். அடங்கியது.

"என்ன கோளாறு?" என்றார்.

செர்வா கையைத் துணியில் துடைத்தாள். துடைக்க நிறைய இருந்ததுபோல் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கிராங்க் சென்சார் சாக்கெட்டுல அழுக்கு அடைஞ்சிருந்தது பெரியவரே."

"என்ன அழுக்கு? எப்படி அடைஞ்சது?"

அம்மா சீட்டில் அசைந்தாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியாததா? அவள் வாங்கிய டப்பாதானே. வாயைத் திறந்தாள். செர்வா அவளைப் பார்க்காமலேயே முந்திக்கொண்டாள்.

"எஞ்சினை இறக்கறப்ப சாக்கெட்டோட வாயை நான் மூடி வைக்கல. அதுக்கப்புறம் காத்தடிச்சு, அடைச்சதை இன்னும் உள்ள தள்ளினதும் நான்தான். தப்பு என்னுது."

தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். "சோதனை நாள்ல, தப்பு என்னுதுங்கறா. நீ என்ன சொல்றே?"

மாஸ்டர் அம்போன்சா பதில் சொல்லாமல் வண்டிக்கு அருகே வந்தார். புகையை முகர்ந்தார். அம்மாவைப் பார்த்தார். பெஞ்சுக்குத் திரும்பிப் போகும் வழியில் எஞ்சின் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டார். அந்தக் கொஞ்ச தூரத்தை அவர் நடந்து முடிப்பதற்குள் அக்கா அந்தத் துணியை முறுக்கிப் பிழிந்துவிட்டதை நான் கடையிலிருந்தே பார்த்தேன்.

"வாயை மூடி வைக்கலைன்னு சொல்றா" என்றார் கடைசியில். "நான் மூடினதில்லை. இந்தா, தலைவரும் மூடினதில்லை. இந்த மாகசீன்ல யாரு மூடறா? அவளுக்கு நான் சொல்லிக் குடுக்காத ஒண்ணை அவளே சொல்றா. இதுக்கு மேல ஒரு வருஷம் வச்சு நான் என்ன சொல்லிக் குடுக்கறது?"

அவர் நிமிர்ந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். "செர்வா இனி என் ஆள் இல்லை. தன் ஆள்." மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனாலும் சொன்னார். மூவரும் கேட்டார்கள்.

அப்போதுதான் இத்ரிசு தொழுகைத் தொப்பியோடு ஓடிவந்தார். தன் வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டு, பின் கண்ணாடியை ஓங்கித் தட்டினார்.

"எழுதியிருக்கேன்ல! எழுதியிருக்கேன்ல!"

பெப்ரா எங்கிருந்தோ கேட்டான்: "மாஸ்டர் செர்வா, என் வைப்பரை எப்பப் பாக்கறீங்க?"

அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். ஊக்கு இல்லாததால் ஒரு கையால் துணியை இடுப்பில் பிடித்திருந்தாள். மறு கை மடிக்குள் போயிருந்தது. அங்கே இரண்டாவது டப்பா இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் கை வெளியே வரவில்லை. மழையில் நனைந்துகொண்டு, தப்புச் செய்த பிள்ளைபோல் செர்வாவைப் பார்த்து நின்றாள்.

செர்வா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். தாங்கு கம்பியை எடுத்துவிட்டு, பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. நாலு கதவின் கண்ணாடியையும் ஏற்றினாள்.

பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்தாள்.

"ம். இப்பக் கொட்டு."